வெட்டவெளி பார்க்கிங், சிவப்பு கார்: பெயிண்ட்டைக் காப்பாற்ற செராமிக்கா, பிபிஎஃப்பா, வேறு வழி இருக்கிறதா?

#1 கோட்டைவெயில் (வேலூர்)

அனைவருக்கும் வணக்கம். போன தீபாவளிக்கு ஒரு ஹேட்ச்பேக் எடுத்தேன். நல்ல சிவப்பு, மெட்டாலிக் இல்லை. ஆபீஸில் கூரை போட்ட பார்க்கிங் மேலதிகாரிகளுக்கு மட்டும்தான். என் வண்டி காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு வரை வெட்டவெளியில் காய்கிறது. வீட்டில் போர்டிகோ கிடையாது, வாசலில் வேப்பமரத்தடி.

எங்கள் தெருவிலேயே இதே நிறத்தில் ஒரு பழைய வண்டி நிற்கிறது. கதவெல்லாம் பரவாயில்லை. ரூஃப் மட்டும் ரோஸ் கலருக்கு வெளுத்துவிட்டது. பானெட்டில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன், வயிற்றைக் கலக்குகிறது.

டீடெய்லிங் கடையில் பெயிண்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங்குக்கு இருபத்தைந்தாயிரம் கேட்கிறார்கள். பிபிஎஃப், அதாவது பெயிண்ட் மேல் ஒட்டும் நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிம், முழு வண்டிக்கும் ஒட்டினால் லட்சத்தைத் தாண்டுகிறது. "வெயில் ஒண்ணும் பண்ணாது சார், அஞ்சு வருஷம் கேரண்டி" என்கிறார்கள். நம்பலாமா? கத்திரி தொடங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

#2 டிரைவர்சீட்டு (சேலம்)

கவர் போடுங்க சார். ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற விஷயத்துக்கு எதற்கு லட்சத்தில் பேச்சு?

#3 பூத்மேஸ்திரி (கோவை)

தம்பி, முதலில் அந்தத் தெரு வண்டியை வைத்து உங்கள் வண்டியை எடை போடாதீர்கள். நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அதற்கு இரண்டு தனித்தனி வியாதி. ரூஃப் ரோஸாக வெளுத்தது பழைய கம்பெனி பெயிண்ட்டாக இருக்க வேண்டும், மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு இல்லாத வகை. பானெட்டில் தோல் உரிவது அநேகமாக வெளியில் அடித்தது. எங்கேயோ இடித்து, டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, பானெட்டை மட்டும் மறுபடி அடித்திருப்பார்கள். உரிவதற்கு மேலே ஒரு கிளியர் இருந்தால்தானே உரியும்?

கம்பெனியில் வெறும் பாடியை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு கோட் ஏற்றுவார்கள். அதுதான் ஈ-கோட், துருவுக்குக் காவல். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியில் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே 100 முதல் 140 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) வரும். அதில் கிளியர் 35-லிருந்து 50 இருக்கும். மேல் கோட்டை ஓவனில் 140 டிகிரி வரை சூடேற்றிப் பதமாக்குகிறார்கள். எங்கள் பெயிண்ட் பூத்துக்கு வரும் வண்டியில் வயரிங், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் மாட்டியே இருக்கும், அதனால் 60, 70 டிகிரிக்கு மேல் போக முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கிளியரில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலக்கிறோம். ஹார்ட்னரில் மிச்சம் பிடித்தாலோ, தின்னரை ஊற்றிப் பெருக்கினாலோ, டெலிவரி எடுக்கும் அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். ரெண்டு கோடை தாண்டாது.

பூத்தே இல்லாமல் ரோட்டோரத்தில் என்.சி. பெயிண்ட் (ஹார்ட்னர் இல்லாமல் காற்றிலேயே காயும் நைட்ரோசெல்லுலோஸ் வகை) அடித்துக் கொடுக்கிற இடங்களும் உண்டு. அப்புறம் வெயில் மேல் பழி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

#4 கோட்டைவெயில்

நன்றி மேஸ்திரி அண்ணே. என் வண்டியில் கிளியர் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெட்டாலிக் இல்லாத நிறங்களுக்குச் சில வண்டிகளில் இன்னும் கிளியர் வராது என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார்.

#5 பூத்மேஸ்திரி

கதவின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் துளி ரப்பிங் காம்பவுண்ட் தொட்டு மெதுவாக நாலு இழுப்பு. துணியில் சிவப்பு ஏறினால் சிங்கிள் ஸ்டேஜ்: நிறமும் பளபளப்பும் ஒரே கோட். துணியில் நிறம் ஏறவில்லை என்றால் மேலே கிளியர் இருக்கிறது. நாலு இழுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆர்வத்தில் கதவு முழுக்கத் தேய்த்துவிட வேண்டாம்.

#6 மைக்ரான்கணக்கு (ஓசூர்)

பெயிண்ட் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட்டைக் கெடுப்பதில் சூட்டுக்கு இரண்டாவது இடம்தான். முதல் எதிரி 290 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர். அது கிளியர் கோட்டில் உள்ள பிசினின் பிணைப்பை அறுக்கிறது. அறுந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து சேர்ந்து, சிதைவு பக்கத்துக்குப் பக்கம் பரவுகிறது. வண்டிச் சூடு அந்த வேகத்தைக் கூட்டும். இரவில் இறங்கும் ஈரம் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டும். படுக்கை வசத்தில் இருக்கும் ரூஃப், பானெட், டிக்கி மூன்றும் முதலில் போவதும், கதவு தப்பிப்பதும் இதனால்தான். தகடுகளை வெயிலில் காயவைத்துச் சோதிப்பவர்களும் அமெரிக்காவில் அரிசோனா, தெற்கு ஃப்ளோரிடா என்று இரண்டு இடங்களைத் தேடிப் போவார்கள். ஒன்று காய்ந்த வெயில், மற்றது ஈர வெயில். கார் பெயிண்ட் தகட்டை அங்கே கிட்டத்தட்ட படுக்கவைத்து, வெறும் 5 டிகிரி சாய்வில்தான் வைப்பார்கள். அதாவது உங்கள் ரூஃப் இருக்கிற வசத்தில்.

இதற்கு மருந்தைக் கம்பெனியே கிளியருக்குள் கலந்து அனுப்புகிறது. ஒன்று, பென்சோட்ரையசோல், ட்ரையசின் வகையைச் சேர்ந்த உறிஞ்சிகள். கதிரை வாங்கிச் சூடாக மாற்றி விட்டுவிடும். இன்னொன்று 'ஹால்ஸ்' என்று நாங்கள் சொல்லும் அமைன் வகை. உறிஞ்சிகளுக்குத் தப்பி வரும் கதிரால் உண்டாகும் துடுக்கான மூலக்கூறுகளைப் பிடித்து அடக்கிவிட்டு, மறுபடி பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும்.

இனி நம் விஷயம். இந்த மருந்து முழுக்க கிளியரின் கனத்துக்குள் இருக்கிறது. கனம் குறைந்தால் காவலும் குறையும். மெஷினில் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மைக்ரான் போகும், முரட்டுக் கையாக இருந்தால் இன்னும் போகும். செராமிக்குக்கு முன்னால் 'பெயிண்ட் கரெக்ஷன்' என்று கடையில் செய்வது இதைத்தான். வெயிலிலிருந்து காப்பாற்றச் சொல்லிக் காசு கொடுத்து, வெயிலைத் தடுக்கிற பொருளையே சுரண்டி எடுக்க வைக்கிறோம். அதன்மேல் அவர்கள் பூசும் செராமிக் காய்ந்தபின் ஒன்று, இரண்டு மைக்ரான், பெரும்பகுதி சிலிக்கா. 40 மைக்ரான் கிளியர் பார்க்கிற வேலையை இந்த இரண்டு மைக்ரான் பார்த்துவிடும் என்று யாராவது சொன்னால் சோதனை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள்.

#7 பளபளப்பட்டறை (சென்னை)

நான் செராமிக் போடுகிற கடை நடத்துகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக்ரான்கணக்கு சார் சொல்வதில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன், மீதிக்கு மாட்டேன்.

புது வண்டிக்கு வெட்டு காம்பவுண்ட் தேவையே இல்லை. கழுவி, களிமண் பாரில் ஒட்டுத் தூசியை எடுத்து, மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ் ஒரு ஓட்டு ஓட்டினால் போதும். அதற்கு மேல் தேய்க்கும் கடை சோம்பேறிக் கடை. தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் திக்னஸ் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

செராமிக் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் குடை என்று விற்பது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு வெயில் மட்டுமா பிரச்சினை? தூசி படிகிறது, எச்சம் விழுகிறது, கழுவிய தண்ணீர் காய்ந்து வட்டம் வட்டமாக உப்பு நிற்கிறது. கோட்டிங் இருந்தால் தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு இறுக்கிப் பிடிக்காது, தேய்க்க வேண்டிய தேவை குறையும். தேய்ப்பது குறைந்தால் கிளியர் மிச்சம். அந்தக் கணக்கில் செராமிக் பெயிண்ட்டைக் காப்பாற்றத்தான் செய்கிறது.

கேரண்டி அட்டையை மட்டும் திருப்பிப் படியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கடையில் மெயின்டனன்ஸ் செய்தால்தான் செல்லும் என்று பொடி எழுத்தில் இருக்கும், அதற்குத் தனிக் காசு.

#8 மைக்ரான்கணக்கு

நேர்மையான பதில், நன்றி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். '9ஹெச் ஹார்ட்னஸ்' என்று விளம்பரத்தில் வருவது பென்சில் சோதனை. கடினமான பென்சிலால் கீறிப் பார்த்து, கீறல் விழவில்லை என்றால் அந்த எண். வைரத்துக்கு 10 கொடுக்கும் கனிம அளவுகோலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. சாவிக்கொத்து உரசினால் கோடு விழும்.

#9 தம்மாம்வாசி (ஊர் அறந்தாங்கி)

சவூதி கிழக்கு மாகாணத்தில் இருக்கிறேன். கோடையில் 45-க்கு மேல் போவது இங்கே செய்தியே இல்லை. அப்படியும் என் கம்பெனி பார்க்கிங்கில் பழைய வண்டிகள் நன்றாகவே நிற்கின்றன, ஏனென்றால் துணிக்கூரை. எங்கு பார்த்தாலும் இரும்புக் குழாய் வளைத்து, மேலே கனத்த துணி இழுத்துக் கட்டிய நிழல் பார்க்கிங். ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், அடுக்குமாடி, எல்லா இடத்திலும். இங்கே பெயிண்ட்டைக் காப்பாற்றுவது அந்தக் கூரைதான்.

நிழலில் நிற்கும் வண்டியையும் கெடுப்பது மணல். காற்று அடித்த மறுநாள் காலையில் ஒரு பையன் வாளியும் ஈரத்துணியுமாக வருவான். ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டி துடைப்பான். பத்தாவது வண்டிக்கு அது தண்ணீர் இல்லை, உப்புத்தாள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை கோடு. நான் அவனிடம் மாதக் காசைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

#10 மைக்ரான்கணக்கு

தம்மாம்வாசி சொன்னதும் ஞாபகம் வருகிறது. சூட்டில் தம்மாம் நம்மைத் தோற்கடிக்கும். ஆனால் கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வராது. சென்னை, வேலூர் வட்டாரத்தில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நடுப்பகலில் நிழலே விழாத நாள் உண்டு. கத்திரி மே 4-க்குத்தான் தொடங்குகிறது என்று காத்திருக்க வேண்டாம். புற ஊதாக் கதிருக்குப் பஞ்சாங்கம் தெரியாது. மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை நடுப்பகலில் நம் தலைக்கு மேல்தான் வேலை செய்கிறது. மேகமூட்டமான ஆடி மாதத்திலும் கணிசமாக ஊடுருவி வரும். உடம்பு சுடவில்லை என்பதால் ரூஃப் தப்பித்தது என்று நினைக்கிறோம்.

இன்னொரு விஷயம். வெள்ளை வண்டிக்குக் கவலையே இல்லை என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. சூட்டைப் பொறுத்தவரை சரி. மத்தியான வெயிலில் கருப்புப் பானெட் 70 டிகிரியைத் தாண்டும்போது வெள்ளை அதைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும். ஆனால் டொயோட்டா அமெரிக்காவில் இரண்டு வெள்ளை நிறங்களுக்கு இலவசமாக மறுபெயிண்ட் அடித்துக் கொடுக்கும் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. சூரிய ஒளியால் அடியில் ஈ-கோட்டுக்கும் பிரைமருக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து, மேலே உள்ள பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்தது. மேல்பூச்சு பளபளவென்று இருக்கும்போதே அடியில் பிடி விட்டுப் போயிருந்தது. அந்த வகைக் கோளாறை எந்த மெழுகாலும் செராமிக்காலும் தடுக்க முடியாது, கம்பெனிதான் பொறுப்பு. சிவப்பு வைத்திருப்பவர் இதற்குப் பயப்பட வேண்டாம், வெள்ளை வைத்திருப்பவர் இறுமாப்பில் இருக்கவும் வேண்டாம்.

#11 தாமிரபரணிக்கரை (திருநெல்வேலி)

எல்லாரும் ஆபீஸ் வெயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி #1-இல் வேப்பமரத்தடி என்று எழுதியிருப்பதை யாரும் கவனிக்கவில்லையா? எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

எங்கள் வீட்டிலும் வேம்பு. சித்திரையில் பூ கொட்டும், அது ஒன்றும் செய்யாது, ஊதினால் போய்விடும். ஆனி, ஆடியில் பழம் பழுக்கும்போது பகலில் காக்கை, மைனா, இரவில் வௌவால். காலையில் பார்த்தால் ரூஃப் முழுக்க எச்சம், நடுவில் வேப்பங்கொட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு ஆபீஸ் போய் வெயிலில் நிறுத்தினால் முடிந்தது கதை. சூட்டில் கிளியர் இளகி விரியும், எச்சத்தின் அமிலம் அதில் இறங்கும், சாயங்காலம் ஆறும்போது எச்சம் காய்ந்த வடிவத்திலேயே கிளியர் சுருங்கி இறுகும். கழுவினால் எச்சம் போகும், தடம் போகாது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நீர்வளையம் மாதிரி ஒரு குழி தெரியும்.

நான் வண்டியில் எப்போதும் ஒரு தண்ணீர் ஸ்பிரே பாட்டிலும் டிஷ்யூவும் வைத்திருப்பேன். டிஷ்யூவை நனைத்து எச்சத்தின்மேல் பரப்பி, ஐந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, அள்ளி எடுக்க வேண்டும். தேய்க்கவே கூடாது, உள்ளே மண்ணும் விதைத் துணுக்கும் இருக்கும்.

அடுத்தது போர் தண்ணீர். எங்கள் பக்கம் உப்பு அதிகம். கழுவிவிட்டு வெயிலில் காய விட்டால் வெள்ளைப் பொட்டு. காலை ஏழுக்குள் நிழலில் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். படுக்கையறை ஏசிக் குழாயின் கீழே வாளி வைத்தால் ராத்திரியில் தாராளமாகச் சேரும். காற்றிலிருந்து குளிர்ந்து வருவதால் அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது.

#12 டிரைவர்சீட்டு

அக்கா, அதற்கு ஏன் ஏசித் தண்ணீர்? ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீர் சும்மாதானே சாக்கடைக்குப் போகிறது, அதையே ஊற்றலாம்.

எங்கள் ஸ்டாண்டில் வேறு வைத்தியம். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பனியன் வேஸ்ட்டில் துளி டீசல் தொட்டு ஒரு துடைப்பு. கல்யாண வண்டி தோற்றுவிடும்.

#13 தாமிரபரணிக்கரை

ஆர்ஓ வெளித்தள்ளுவது உப்பைத்தான் தம்பி. குடிக்கிற பக்கம் உப்பில்லாமல் போவதால் வெளியே வருவது போர் தண்ணீரைவிட அடர்த்தி. தரை கழுவலாம், வண்டிக்கு வேண்டாம்.

#14 பூத்மேஸ்திரி

டீசல் பளபளப்பு எண்ணெய்ப் படலம், வேறொன்றும் இல்லை. அரை மணி நேரம் ஓட்டினால் ஊர்த் தூசி பூராவும் அதில் ஒட்டும். அதை மறுநாள் உலர்ந்த துணியால் தேய்ப்பீர்கள். கூடவே முன்னால் பூசியிருந்த மெழுகையும் கரைத்துவிடும், கதவு ரப்பரும் ஊதிப் போகும். டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து எங்கள் பூத்துக்கு வரும் வண்டிகளை மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன்.

பாத்திரம் கழுவும் லிக்விடும் அதே கதைதான், மெழுகை உரித்துவிடும். கார் ஷாம்பு ஒரு பாட்டில் வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.

#15 புதுசுவண்டி (மதுரை)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டினால் போலீஸ் பிடிப்பார்களா? டேஷ்போர்டு வெயிலில் கொதிக்கிறது.

#16 மட்டுறுத்துநர்

ஃபிலிம் பற்றி 2012 உச்ச நீதிமன்றத் தடையில் தொடங்கிப் பின்னால் வந்த விதித் திருத்தம் வரை அலசும் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே கேளுங்கள். இங்கே பெயிண்ட் மட்டும்.

#17 கோட்டைவெயில்

எல்லாருக்கும் நன்றி. மேஸ்திரி அண்ணன் சொன்னபடி பார்த்தேன், துணியில் சிவப்பு ஏறவில்லை. கிளியர் இருக்கிறது.

பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி. வெயில் தாக்குவது ரூஃப், பானெட், டிக்கி என்றால் அந்த மூன்றுக்கு மட்டும் பிபிஎஃப் ஒட்ட முடியாதா? கடையில் 'ஃப்ரண்ட் பேக்' என்று ஒன்று காட்டுகிறார்கள், அதில் ரூஃபே இல்லை.

#18 பளபளப்பட்டறை

ஃப்ரண்ட் பேக் கல்லடிக்கு. ஹைவேயில் முன்னால் போகும் லாரி தெறிக்கவிடும் ஜல்லிக்கு. பம்பர், பானெட், கண்ணாடி மூடி என்று முகம் மட்டும் மூடும். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

நீங்கள் கேட்பதை யாரும் கேட்பதில்லை, ஆனால் செய்யலாம். நல்ல டிபியூ (பாலியூரித்தேன் வகை) ஃபிலிம் 150-லிருந்து 200 மைக்ரான் கனம். அதாவது உங்கள் மொத்தப் பெயிண்ட்டையும்விடக் கனம். அதில் புற ஊதாவுக்கான மருந்தும் கலந்திருக்கும், எச்சமும் அடியில் இறங்காது. கதிரைத் தடுப்பதில் செராமிக் இதன் பக்கத்தில்கூட வராது, இதைச் சொல்வதால் எனக்கு வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

ஆனால் ஃபிலிமே வெயிலில் நிற்கப் போகிறது. மலிவான பிவிசி ஃபிலிமை டிபியூ என்று தலையில் கட்டுவார்கள், அது மஞ்சள் பாரிக்கும், விளிம்பில் தூக்கும், சூட்டில் பசை இறுகி எடுக்கும்போது உயிரை வாங்கும். ஒரிஜினல் பெயிண்ட் தாங்கிவிடும். வெளியில் மறுபடி அடித்த பெயிண்ட்டாக இருந்தால் ஃபிலிமோடு சேர்ந்து கையில் வந்துவிடும். ரோல் பெட்டியில் உள்ள சீரியல் நம்பரை கம்பெனித் தளத்தில் சரிபார்த்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

#19 டிரைவர்சீட்டு

ஆக மொத்தம் என் கவரை யாரும் மதிக்கவில்லை.

#20 பூத்மேஸ்திரி

மதிக்காமல் என்ன, கவர் நல்லதுதான், போடுகிற விதத்தில் இருக்கிறது. தூசி படிந்த வண்டிமேல் கவரை இழுத்தால் உப்புத்தாள் போட்டு இழுத்த மாதிரி. காற்றில் படபடவென்று அடித்தால் மட்கார்டு விளிம்பில் கிளியர் தேய்ந்து மங்கும். மழையில் நனைந்த கவரை அப்படியே விட்டால் உள்ளே ஈரம் புழுங்கி வெள்ளைத் திட்டு வரும். ஓடி வந்த சூட்டோடு மூடவும் கூடாது. அப்புறம் தெருநாய். மெத்தென்று இருக்கிறது என்று கவர்மேல் ஏறிப் படுக்கும், இறங்கும்போது நகம். ஆபீஸ் பார்க்கிங்கில் தினமும் தூசி தட்டி, கவர் மாட்டி, சாயங்காலம் கழற்றி மடிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டிக்கு, கழுவிக் காயவைத்து, அடியில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், அருமையான பொருள்.

#21 தம்மாம்வாசி

கோட்டைவெயில், ஆபீஸ் கட்டடம் எத்தனை மாடி? மத்தியானத்துக்கு மேல் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் நிழல் விழும். காலையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்து கிழக்குப் பக்கம் மாற்றிப் போட்டால் பாதி வெயில் மிச்சம். காசும் இல்லை, கேரண்டி அட்டையும் இல்லை.

#22 கோட்டைவெயில்

நாலு மாடி அண்ணே. கிழக்குப் பக்கம் ஜெனரேட்டருக்கு அந்தப்புறம் நாலைந்து வண்டி நிற்க இடம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து மாற்றிக்கொள்கிறேன்.

செராமிக்கை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். ரூஃபுக்கும் பானெட்டுக்கும் மட்டும் டிபியூ விலை கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரை சீலன்ட் பூசலாமா, மெழுகு பூசலாமா?

வீட்டு வாசலில் எச்சத்துக்கும் சேர்த்து ஏதாவது கூரை போட வேண்டும். வீட்டுக்காரர் தகர ஷெட் கூடாது என்கிறார். பச்சை வலை கட்டிக்கொள்ளச் சொல்கிறார். அது வெயிலைத் தாங்குமா?

#23 பளபளப்பட்டறை

சீலன்ட். கார்னாபா மெழுகு பூசிய அன்றைக்கு நல்ல ஆழம் காட்டும், ஆனால் நம் வெயிலில் வாரக்கணக்கில்தான் நிற்கும். சிந்தெடிக் சீலன்ட் நாலைந்து மாதம் தாங்கும், கையாலேயே பூசிவிடலாம். சூடான பானெட்டில் பூசாதீர்கள், திட்டுத்திட்டாக இறுகிவிடும். இதுவும் கதிரைத் தடுக்காது, எச்சத்துக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஒரு தடுப்பு, அவ்வளவுதான்.

#24 கரிசல்நர்சரி (கோவில்பட்டி)

வலை பற்றி நான் சொல்கிறேன், நாற்றங்காலுக்கு அதுதான் கட்டுகிறோம். நிழல்வலை 50, 75, 90 சதவீதம் என்று வரும். செடிக்கு 50 போதும், வண்டிக்கு 90 கேளுங்கள். நர்சரிப் பொருள், சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். புற ஊதாவைத் தாங்கும்படி மருந்து சேர்த்த வலையா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாத வலை சீக்கிரமே பொடிப்பொடியாக உதிரும், அந்தத் தூள் உங்கள் ரூஃபிலேயே விழும்.

நைலான் கயிற்றில் கட்டாதீர்கள், வெயிலில் அதுவும் இற்றுப் போகும். ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இழுத்து, விளிம்பில் கண்ணி அடித்துக் கட்டுங்கள். வண்டிக்கு மேலே ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவு இடைவெளி இருக்கட்டும், தொங்கி ரூஃபில் உரசக் கூடாது. ஒரு பக்கம் நல்ல சாய்வு வையுங்கள், இல்லையென்றால் வேப்பிலையும் பழமும் நடுவில் சேர்ந்து தொப்பை போடும். முதல் மழையில் வலையின் தூசியெல்லாம் சேறாக ஒழுகும், அன்றைக்கு மட்டும் வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிடுங்கள்.

#25 கோட்டைவெயில்

மிக்க நன்றி அண்ணே. ஜிஐ கம்பி எத்தனை கேஜ்?

#26 கரிசல்நர்சரி

பத்து கேஜ் போதும். மரத்தில் கட்டும் பக்கம் பழைய டயர் டியூப் துண்டைச் சுற்றி அதன்மேல் கம்பியைக் கட்டுங்கள், இல்லையென்றால் பட்டையை அறுத்துவிடும்.